அல்சூர்ப் பிள்ளைக்குக் குறளா, சர்வக்ஞரா?

பெங்களூரின் அல்சூர் ஏரி அருகே வள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்தார்கள். நான்கே நாளில், சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. அந்த வாரத்தை நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது.

பெங்களூரில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு நல்லொழுக்கம் சொல்லித்தர யாரை முதலில் எடுப்பது?

குறள் இரண்டடி, ஏழு சீர். சர்வக்ஞருடையது மூன்றடி, முடிவில் அவர் பெயரே முத்திரையாக நிற்கும். வடிவ வேறுபாடு இவ்வளவுதான். பேச்சின் குணம்தான் வேறு.

அறிவைப் பற்றி இருவரும் சொன்னதைப் பாருங்கள். யார் வாயிலிருந்து எது வந்தாலும் அதன் மெய்ப்பொருளைக் காண் என்கிறார் வள்ளுவர். சர்வக்ஞரோ, 'செருக்கினாலா நான் எல்லாம் அறிந்தவன் ஆனேன்? எல்லாரிடமும் ஒவ்வொரு சொல்லாகக் கற்றே கல்விக்கு மலையானேன்' என்கிறார். ஒருவர் சலித்தெடுக்கச் சொல்கிறார். மற்றவர் கேட்டு வாங்கச் சொல்கிறார். பத்து வயதுக்கு இரண்டாவதுதான் சட்டென்று ஒட்டும். அதோடு, பக்கத்து வீட்டுக் கன்னடப் பாட்டியிடம் அதைச் சொல்லிக் காட்டினால் அவர் முகம் மலர்வதையும் பிள்ளை பார்க்கும்.

ஆனாலும் வீட்டில் குறளையே முதலில் வைப்பேன். பள்ளியில் தமிழ் இல்லாத பிள்ளைக்கு நாளுக்கு ஒரு குறள் வாய்விட்டுச் சொல்வதுதான் மொழிப்பிடிப்பு. சர்வக்ஞர் எப்படியும் கன்னட வகுப்பில் வந்துவிடுவார். வரும்போது, 'இது நம்ம குறள் மாதிரியே இருக்கேப்பா' என்று அது ஓடிவந்து சொல்லட்டும்.