தேர்வுக்கு முன் எதை மெல்வது: புதினாவா, காஃபீனா, பாக்கா?

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குக் குரூப் தேர்வுக்குப் படிக்க வருபவர்களில் சிலர், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கும்போது, வெளியே வந்து எதையாவது மென்றுவிட்டுத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மெல்லக்கூடியவற்றில் மூளைக்கு உண்மையில் உதவுவது எது?

சாதாரணப் புதினா சூயிங்கத்தில் வேலை செய்வது பெரும்பாலும் தாடைதான். நெற்றிப்பொட்டில் விரலை வைத்துக்கொண்டு மென்றால் தசை புடைத்து அடங்குவது தெரியும். அந்த உழைப்பில் இதயத் துடிப்பும் மூளைக்கான ரத்த ஓட்டமும் சற்றே கூடுகின்றன. புதினாவின் குளிர்ச்சிப் பொருளான மெந்தாலோ வாயைக் குளிர்விக்காமலேயே, குளிரை உணரும் நரம்பு முனைகளின் ஏற்பிகளைத் தூண்டி, ஐந்தாம் கபால நரம்பு வழியே 'சில்'லென்ற செய்தியை அனுப்புகிறது. மெல்லும் தசைகளை இயக்குவதும் அதே நரம்புதான். 2002-இல் இங்கிலாந்தின் நார்தம்பிரியா பல்கலைக்கழக ஆய்வில், 75 பேரில் சூயிங்கம் மென்றவர்களுக்குச் சொற்கள் கூடுதலாக நினைவில் நின்றன. பின்னர் வந்த ஆய்வுகள் சில அந்த நினைவாற்றல் பலனைக் காணவில்லை. எனக்கு உருப்படியாகத் தோன்றுவது 2011-இல் அமெரிக்காவின் செயின்ட் லாரன்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு: மூளைத்திறன் சோதனைக்கு முன் 5 நிமிடம் மென்றவர்களுக்கு முதல் 15 முதல் 20 நிமிடங்கள் வரை பலன் இருந்தது, சோதனை முழுவதும் மென்றுகொண்டே இருந்தவர்களுக்கு இல்லை. ஆகவே ஹாலுக்கு வெளியிலேயே மென்று, காகிதத்தில் மடித்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே போகலாம். (பெஞ்சுக்கு அடியில் ஒட்டுபவர்களுக்கு நினைவாற்றல் கூடாமல் போனாலும் எனக்கு வருத்தமில்லை.) சில சூயிங்கங்களில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் பல்லுக்கு நல்லது, அவ்வளவே.

காஃபீன் சூயிங்கத்தில் நிஜமாகவே மருந்து இருக்கிறது. அமெரிக்க ராணுவத்துக்கான வகையில் ஒரு துண்டுக்கு 100 மில்லிகிராம். மூளையில் களைப்பை உணர்த்தும் அடினோசின் என்ற வேதிப்பொருள் போய் ஒட்டவேண்டிய இடத்தைக் காஃபீன் பிடித்துக்கொள்கிறது. கன்னத்தின் உட்புறத் தோல் வழியாகவும் ரத்தத்தில் கலப்பதால், மாத்திரையில் உச்சத்தை எட்ட 84 முதல் 120 நிமிடங்கள் ஆகும் இடத்தில், இதற்கு 44 முதல் 80 நிமிடங்களே ஆகின்றன. வேகம் பெரிதுதான், ஆனால் நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் இதை நான் கண்டதில்லை, டவரா டம்ளர் காப்பியோ தெருவுக்குத் தெரு கிடைக்கிறது.

நிகோட்டின் சூயிங்கம், 2 மில்லிகிராமோ 4 மில்லிகிராமோ, புகைப்பழக்கத்தை விடுபவர்களுக்கானது; மற்றவர்கள் தொடவேண்டியதில்லை.

பாக்கிலுள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருளும் நிகோட்டினைப் போலவே, நரம்புச் செய்திகளைக் கடத்தும் அசிட்டைல்கோலினுக்கான ஏற்பிகளைத் தூண்டுவதுதான். உடம்பு சூடேறி, காது மடல் சிவந்து, வியர்க்கும். அந்த விறுவிறுப்பு சுறுசுறுப்பைப் போலவே தோன்றும். புகையிலை சேராத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கையில், 'பாட்டி போடாததா?' என்ற கேள்வியோடு அதைப் படிப்புக்குத் துணையாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.