இதழியல் படிக்க எந்த வழி கட்டுப்படியாகும்?

பிளஸ் டூ முடித்த பிள்ளை "ரிப்போர்ட்டர் ஆகணும்" என்று சொன்னால், வீட்டில் எழும் அடுத்த கேள்வி "விஸ்காம் எங்கே நல்லா இருக்கும்?" என்பதுதான். கூலி வேலைக்குப் போகிற வீட்டில், தள்ளுவண்டி வைத்துப் பிழைக்கிற வீட்டில் இந்தக் கேள்வியே செலவை ஏற்றிவிடுகிறது என்பது என் கட்சி. பத்திரிகை வேலைக்கு இதழியல் பட்டம் கட்டாயம் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, பணத்தை எந்தக் கட்டத்தில் செலவழிப்பது என்பதைத்தான்.

முதல் வழி, நேரடியாக இளநிலையிலேயே இதழியலோ விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியலோ எடுப்பது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பெயர்பெற்ற அரசு உதவிபெறும் கல்லூரி என்று நம்பிப் போவார்கள். ஆனால் அதே வளாகத்துக்குள் அரசு நிதியில் நடக்கும் எய்டட், மாணவர் கட்டணத்தில் நடக்கும் செல்ஃப் ஃபைனான்ஸ் என்று இரண்டு பிரிவுகள் இருக்கும். தமிழ், வரலாறு, பொருளாதாரம் எல்லாம் எய்டட் பக்கம். விஸ்காமும் இதழியலும் பெரும்பாலும் செல்ஃப் ஃபைனான்ஸ் பக்கம். கட்டணம் ஆண்டுக்கு அரை லட்சத்தைத் தொடும், சில இடங்களில் லட்சத்தையும் தாண்டும். அதற்குமேல் கேமரா, லேப்டாப், குறும்படச் செலவு. "முதல் பட்டதாரி சலுகை கிடைக்குமே" என்று சிலர் தெம்பாக இருப்பார்கள். அந்தச் சலுகை பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளின் கல்விக் கட்டணத்துக்கானது. பி.ஏ.வுக்கோ பி.எஸ்சி. விஸ்காமுக்கோ அதை நம்பி இறங்கக் கூடாது.

இந்த வழியில் ஏழைப் பிள்ளைக்குக் கதவு திறக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 2010-11 முதல் நடத்தும் இலவசக் கல்வித் திட்டம் அது. குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இணைப்புக் கல்லூரிகளில் இளநிலை இடம் கிடைக்கும். ஆதரவற்றோர், கணவரை இழந்த பெண்களின் பிள்ளைகள், குடும்பத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரி ஆகப்போகிறவர்கள் ஆகியோருக்கு முன்னுரிமை. பிளஸ் டூ முடிவு வந்த கையோடு விண்ணப்பிக்க வேண்டும், அவகாசம் குறைவு. இதில் இடம் கிடைத்தால் மட்டுமே முதல் வழியைப் பற்றி யோசிக்கச் சொல்வேன்.

இரண்டாம் வழி பார்க்கப் பகட்டாக இருக்காது. பக்கத்து ஊர் அரசு கலைக் கல்லூரியில் ஏதாவது ஒரு பாடம் எடுத்துவிட்டு, முதுநிலையில் இதழியலுக்கு மாறுவது. அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று ஆண்டுக்குச் சில ஆயிரங்களோடு முடிந்துவிடும். பஸ் பாஸும் இலவசம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் (2022), பையனுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் (2024) மாதம் 1,000 ரூபாய் வரும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் இப்போது இவற்றுக்குள் வருகிறார்கள். மூன்றாண்டில் சுமார் 36,000 ரூபாய். அரசுக் கல்லூரிக் கட்டணம் போக மீதியும் நிற்கும். இந்தப் பணம் தனியார் கல்லூரியில் படித்தாலும் வரும், ஆனால் அங்கே ஓராண்டுக்கு வருவது ஒரு பருவக் கட்டணத்துக்கே ஈடுகொடுக்காது.

என்ன பாடம் எடுப்பது? பொருளாதாரம் அல்லது அரசியல் அறிவியல் என்பேன். பட்ஜெட் உரையைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்த நிருபர் எந்த அலுவலகத்திலும் அரிது. கேமராவை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம், நிதிப் பற்றாக்குறை என்றால் என்னவென்பது அப்படி வராது.

இந்த வழியின் பெரிய பலம் வேறொன்று. விகடனின் மாணவப் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டத்துக்கு எந்தப் பாடம் படிக்கும் கல்லூரி மாணவரும் விண்ணப்பிக்கலாம். தமிழ் இதழியலில் இன்று பெயர் சொல்லும்படி இருக்கிற பலர் அதன் வழியே வந்தவர்கள். ஊரில் இருந்துகொண்டே செய்தி எழுதலாம், பெயரோடு அச்சில் வரும். மூன்றாண்டு முடிவில் கையில் இருக்கும் பத்துப் பதினைந்து கட்டுரைகளைத்தான் எடிட்டர் புரட்டிப் பார்ப்பார்.

அதற்குப் பிறகு முதுநிலை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இடமே இதுதான்.

மாநிலப் பல்கலைக்கழகங்கள் கட்டணத்தில் மலிவு. சென்னைப் பல்கலைக்கழகம் 1947லேயே இதழியல் கற்பிக்கத் தொடங்கியது. மதுரை காமராசர், கோவை பாரதியார், சேலம் பெரியார், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் ஆகிய பல்கலைக்கழகங்களிலும் துறைகள் உண்டு. தமிழில் வேலை பார்க்க நினைப்பவருக்கு இவை போதும். சொந்த மண்டலத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமும் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் அடுத்த படி. வசதிகள் மேல், கட்டணமும் தாங்கக்கூடியது. ஆனால் நுழைவு, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான கியூட் வழியே. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும், தமிழில் இருக்காது. வகுப்பும் ஆங்கிலம். தமிழ்வழி மாணவர் இதற்குக் கல்லூரி முதலாண்டிலிருந்தே தயாராக வேண்டும். தினமும் ஒரு ஆங்கில நாளிதழை நூலகத்தில் உட்கார்ந்து படிப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

டெல்லி ஐஐஎம்சி (இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம்) மத்திய அரசு நிறுவனம், 1965ல் தொடங்கியது. அதனாலேயே மலிவு என்று நினைத்துவிடக் கூடாது. 2019 டிசம்பரில் மாணவர்கள் கட்டணத்தை எதிர்த்துப் போராட்டத்தில் உட்கார்ந்தபோது, ஓராண்டு ஆங்கில இதழியல் படிப்புக்கு 95,500 ரூபாய், வானொலி-தொலைக்காட்சிப் படிப்புக்கு 1,68,500 ரூபாய். விடுதி, சாப்பாடு தனி. அங்கே படித்தால் கிடைக்கும் தொடர்புகள் பெரியவை, மறுக்கவில்லை. ஆங்கில, இந்தி ஊடகமே இலக்கு என்றால் பார்க்கலாம்.

சென்னை தரமணியில் உள்ள ஏசிஜே (ஏஷியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம்) என்ற தனியார் கல்லூரி, பயிற்சியில் நாட்டின் முன்வரிசையில் நிற்பது. கட்டணம் லட்சங்களில். கிடைப்பது முதுநிலைப் பட்டயம், பல்கலைக்கழகப் பட்டம் அன்று. பின்னால் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் எழுதி ஆசிரியராகும் எண்ணம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தலித், பழங்குடி மாணவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் உதவித்தொகை தருகிறார்கள். என் கணக்கு எளிது: முழு உதவி கிடைத்தால் யோசிக்காமல் சேரலாம், பாதி கிடைத்தால் மீதிக்குக் கடன் வாங்க வேண்டாம். வங்கியில் 4 லட்சம் வரை பிணையில்லாமல் கல்விக் கடன் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் தொடக்க நிலை நிருபர் சம்பளத்தில் அறை வாடகையும் தவணையும் சேர்ந்து ஓடாது. தமிழக அரசு 2025ல் கோட்டூர்புரத்தில் தொடங்கிய சென்னை இதழியல் கல்வி நிறுவனத்தின் ஓராண்டுப் பட்டயத்தையும் ஏசிஜேவுக்கு மாற்றாக விசாரிக்கலாம்.

தொலைநிலைப் படிப்பு, அதாவது இக்னோவும் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், ஏற்கெனவே ஏதோ ஓர் ஊடகத்தில் வேலை பார்ப்பவருக்கு உகந்தது. புதிதாக வருபவருக்குப் பாடப்புத்தகம் கிடைக்கும், செய்தி அறை கிடைக்காது.

கட்டணப் பட்டியலில் வராத செலவுதான் ஆளைச் சாய்ப்பது. சென்னையில் இரண்டு மாதம் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் என்றால், நகரத்தில் வீடு உள்ள பிள்ளைக்கு அது அனுபவம். செய்யாற்றிலிருந்து வருகிற பிள்ளைக்கு அது கடன். மாவட்டத் தலைநகரில் உள்ள நாளிதழ் அலுவலகத்தில் செய்தால் தினமும் வீட்டுக்குத் திரும்பிவிடலாம், கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளிலிருந்து நீதிமன்றம் வரை எல்லாம் கைக்கு வரும். வெளியூரில் தங்கித்தான் படிக்க வேண்டுமென்றால் தனியார் மேன்ஷனைத் தேடும் முன் அரசின் நல விடுதிகளைக் கேளுங்கள். 2025 முதல் சமூக நீதி விடுதிகள் என்று பெயர். தங்கலும் சாப்பாடும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளில் வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டராவது தூரம் இருக்க வேண்டும் என்ற விதி மாணவிகளுக்குப் பொருந்தாது.

மாதாந்திர 1,000 ரூபாய் இளநிலையோடு நின்றுவிடும். முதுநிலைக்கு நம்ப வேண்டியது, பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியலின, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கு அரசு தரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை. பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றையும் சாதிச் சான்றையும் இ-சேவை மையத்தில் மே மாதமே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஜூன் பிறந்துவிட்டால் வரிசை நீளும். சேரும் கல்லூரியில் முன்கூட்டியே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: உதவித்தொகை வரும்வரை கட்டணத்துக்குக் காத்திருப்பார்களா, இல்லை முதலில் கட்டச் சொல்வார்களா?