"அரண்மனைச் சிவப்பு" என்று விற்ற குடுவை: பில்லில் இருந்த ஒரு சொல்லால் போன பணம்

ஹாங்காங்கில் ஒரு கடை, பெயர் வேண்டாம். "காங்சி காலத்து லாங்யாவ் சிவப்பு, சிங் அரண்மனைச் சேகரிப்பிலிருந்து வந்தது" என்று வாய்மொழியாகச் சொல்லி ஒரு சீனப் பீங்கான் குடுவையை விற்றது. காங்சி என்பவர் சீனாவை ஆண்ட சிங் வம்சப் பேரரசர், லாங்யாவ் அவர் காலத்துச் செம்புச் சிவப்புப் பீங்கான். அடியில் நீல எழுத்தில், அவர் ஆட்சியைக் குறிக்கும் ஆறெழுத்துக் காங்சி முத்திரை. சோதனையில் அது புதுப்பொருள் என்று தெரிந்ததும் வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார். கடை பில்லை நீட்டியது. அதில் இருந்தது "காங்சி முத்திரை" மட்டுமே.

ஏலத்துறை வழக்கத்தில் "முத்திரை" என்றால் முத்திரை இருக்கிறது என்று மட்டுமே பொருள். "முத்திரையும் காலமும்" என்று எழுதினால்தான் அந்தக் காலத்தில் செய்தது என்று விற்பவர் பொறுப்பேற்கிறார். இந்த வேறுபாடு தெரியாமல் ஏமாந்தவர்கள் பலர்.

உண்மையில் அந்த முத்திரையே முதல் எச்சரிக்கை. 1705 முதல் 1712 வரை சீனாவின் பீங்கான் நகரான ஜிங்டெசென்னின் சூளைகளைக் கண்காணித்த லாங் டிங்ஜியின் பெயரால் வழங்கும் லாங்யாவ் சிவப்பில் பெரும்பாலும் ஆட்சி முத்திரை இருக்காது. அதே காங்சி காலத்துப் பீச் சிவப்பு எழுதுமேசைப் பாத்திரங்களிலும், அடுத்து ஆண்ட யோங்ஜெங் காலத்து (1723–1735) ஒரே சீரான சிவப்பிலும் முத்திரை உண்டு. லாங்யாவ் என்று சொல்லி முத்திரையைப் பெருமையாகக் காட்டினால் அங்கேயே நின்று கேளுங்கள்.

அடுத்து மெருகு, அதாவது பீங்கான்மேல் கண்ணாடிபோல் படியும் பூச்சு. செம்புச் சிவப்புக்கு மெருகில் செம்பு அரை விழுக்காடு அளவுக்கே தேவை. சூளை 1,280 பாகை செல்சியஸை ஒட்டிச் சூடேற வேண்டும், ஆக்சிஜன் குறைந்திருக்க வேண்டும். ஆக்சிஜன் கூடினால் பச்சை தட்டும். செம்பு ஆவியாகிவிட்டால் நிறம் வெளிறும். அதனால்தான் நல்ல லாங்யாவ் குடுவையில் மெருகு வழிந்து மெலியும் வாய்விளிம்பு வெண்மையாகத் தெரியும். கீழே வரவரச் சிவப்பு தடித்து, அடிவளையத்தைத் தாண்டாமல் நிற்கும். வாய் முதல் அடி வரை பிளாஸ்டிக் போல ஒரே சிவப்பு என்றால் காட்மியம்-செலினியம் நிறமியாக இருக்கலாம். மெருகில் என்னென்ன தனிமங்கள் என்று காட்டும் எக்ஸ்கதிர் ஒளிர்வுச் சோதனையில் உடனே தெரிந்துவிடும். அடிவளையத்தில் மெருகை அரைத்த தடத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 19ஆம் நூற்றாண்டுப் பொருள்களிலும் அது உண்டு.

பழமை காட்டும் வேலைகளும் நடக்கும். அமிலத்தில் தோய்த்துப் பளபளப்பைக் கொல்வார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் பரப்பு முழுக்க ஒரே மாதிரி மங்கியிருக்கும். பயன்பாட்டில் விழும் கீறல்கள் பல திசையில் ஓடும், உப்புத்தாள் கீறல்கள் ஒரே பக்கமாகப் போகும். பொருள் கடைசியாகச் சுடப்பட்ட காலத்தைக் கணிக்கும் வெப்ப ஒளிர்வுச் சோதனையும் துளையிட்ட இடத்துக்கு மட்டுமே சாட்சி. பழைய அடிப்பகுதியைப் புது உடலில் ஒட்டிய பொருளும் அடியில் துளைத்தால் தேறிவிடும். அடியிலும் உடலிலும் தனித்தனியாக மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.

"அரண்மனையிலிருந்து வந்தது" என்ற பேச்சுக்கும் ஆதாரம் கேட்கலாம். சிங் அரச குடும்பத்து இளவரசர் குங்கின் சேகரிப்பு 1913இல் நியூயார்க்கில் ஏலம் போனது. அதற்குப் பட்டியல் உண்டு. அரண்மனை ஒரு வங்கியில் அடகு வைத்த பொருள்கள் சில 1920களில் பிரிட்டிஷ் சேகரிப்பாளர் பெர்சிவல் டேவிட் கைக்குப் போயின. அந்தச் சேகரிப்பை இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்க்கலாம். ஆக அரண்மனைப் பொருள் வெளியே வந்த வழிக்குத் தடம் இருக்கிறது. எந்த ஏலம், எந்த ஆண்டு, என்ன எண் என்று கேளுங்கள். "குடும்பத்தில் வழிவழியாக இருந்தது" என்ற பதிலுக்குக் கூடுதல் விலை தராதீர்கள்.

பணம் கட்டுமுன் பில்லில் எழுதி வாங்க வேண்டியவை: "காங்சி காலம், சுமார் 1705–1712" என்ற தெளிவான வரி, உயரம், அடிப்பகுதியின் படம், பழுதுபார்த்த இடங்கள், சோதனையில் பொய்த்தால் எத்தனை நாளில் முழுப்பணம் திரும்பும் என்பது. விற்பவர் காலத்தை எழுத்தில் தர மறுத்தால் குடுவையை மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.