ரூட்டர் போர்ட் சோதனை: ஷீல்ட்ஸ்அப்பா, என்மேப்பா?

வீட்டு ரூட்டரில் எந்த போர்ட் (இணையப் போக்குவரத்துக்கான எண்ணிட்ட கதவு) திறந்திருக்கிறது என்று ஷீல்ட்ஸ்அப் என்ற இணையதளத்திலும் என்மேப் என்ற மென்பொருளிலும் சோதித்துவிட்டு என்மேப் பக்கம் சாய்ந்துவிட்டேன். காரணம் ஒரே ஒரு எண்: 8080.

ஷீல்ட்ஸ்அப் இலவசம், இன்ஸ்டால் செய்ய ஒன்றுமில்லை. பிரவுசரில் ஒரு பட்டனை அழுத்தினால் போர்ட்டுகள் குட்டிக் கட்டங்களாக வந்து நிற்கும். சிவப்பு திறந்தது, நீலம் மூடியது, பச்சை பதிலே சொல்லாதது. எனக்கு அத்தனையும் பச்சை. நிம்மதியாகப் படுத்தேன்.

ஆனால் அந்தச் சோதனை தட்டிப் பார்ப்பது 0 முதல் 1055 வரைதான். இருக்கும் எண்களோ 65,535 வரை போகின்றன. வேண்டிய எண்ணை நாமே கொடுத்தும் சோதிக்கலாம்தான். எந்த எண் என்று தெரிந்தால் நான் ஏன் சோதனை போடப் போகிறேன்?

என்மேப் 1997-லிருந்து இருக்கிறது. கமாண்ட் அடிக்கப் பிடிக்காதவர்களுக்கு அதன் பட்டன் வடிவமான ஜென்மேப் உண்டு. இதில் எங்கே நின்று பார்க்கிறோம் என்பதுதான் எல்லாம். முதலில் வீட்டு வைஃபையில் இருந்தபடியே, ரூட்டரின் உள்முகவரியான 192.168.1.1-ஐ ஸ்கேன் செய்தேன். 53, 80, 443 திறந்திருக்கிறது என்றதும் பகீரென்றது. அவை வீட்டுக்குள் இருக்கும் நமக்கான கதவுகள்: டிஎன்எஸ் (தளப் பெயருக்கு முகவரி தேடித் தருவது), ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கம். பப்ளிக் ஐபியை (இணையத்தில் நம் வீட்டுக்கான முகவரி) கொடுத்தாலும், உள்ளிருந்து கேட்டால் பல ரூட்டர்கள் இதே முகத்தைத்தான் காட்டும்.

அதனால் வெளியிலிருந்து பார்க்க, போனில் வைஃபையை அணைத்து, லேப்டாப்பை அதன் ஹாட்ஸ்பாட்டில் போட்டு, பப்ளிக் ஐபியின் மொத்த போர்ட்டையும் பார்க்கச் சொன்னேன். டீ குடித்து, குளித்து, சாப்பிட்டும் முடியவில்லை. முடிந்தபோது ஒரே ஒரு வரி: 8080 ஓப்பன். பிரவுசரில் தட்டினால் எங்கள் சிசிடிவி டிவிஆரின் லாகின் பக்கம்! கேமரா மாட்டிய தம்பி, போனில் பார்க்க வசதியாக போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வருவதை நேராக டிவிஆருக்கு அனுப்பும் வழி) போட்டிருக்கிறார். பாஸ்வேர்டு பெட்டியோடு வந்த அதேதான். 2016-ல் மிராய் என்ற மால்வேர் வளைத்துப்போட்டது இப்படி விட்டுவைத்த கேமராக்களையும் டிவிஆர்களையும்தான்.

என் லைனில் தனி பப்ளிக் ஐபி இருப்பதால் இது சாத்தியமானது. ரூட்டரின் வான் (WAN) ஐபி, அதாவது இணையப் பக்க முகவரி, 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்கு (பல வீடுகள் ஒரே பப்ளிக் ஐபியைப் பகிரும் ஏற்பாடு) பின்னால் இருக்கிறீர்கள்; எதைக் கொண்டு பார்த்தாலும் தெரிவது சேவை நிறுவனத்தின் பெட்டிதான். அங்கே ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) இருந்தால் அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். என்மேப்பில் அதற்கு வழி இருக்கிறது.

யுடிபி (தரவு அனுப்பும் இன்னொரு முறை) ஸ்கேனை ஒரே ஒருமுறை ஓட்டினேன். திறந்ததா, ஃபயர்வால் தடுத்ததா என்று பிரிக்காமல் 'ஓப்பன் அல்லது ஃபில்டர்டு' என்றே வரிசையாக வந்தது. அதை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன்.

ஃபார்வர்டை அழித்துவிட்டு மறுபடி பார்த்தேன்: 8080 ஃபில்டர்டு, அதாவது பதிலே இல்லை. தம்பிக்கு போன் போட்டால், "அண்ணே, அப்போ போன்ல படம் வராதே!" என்கிறார்.