ஹும்மல் 1/35 கிட்: பீரங்கியை விடுங்கள், அடிப்பாகத்தைப் பாருங்கள்

ஹும்மல் என்பது இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஓட்டிய பீரங்கி வண்டி, இது அதை 35-இல் ஒரு பங்காகச் சுருக்கிய மாதிரி. இதைக் கட்டி முடிக்க எனக்கு ஏழு வாரம் ஆனது, அதில் பாதிக்கு மேல் சேஸிஸுக்கே, அதாவது அடிப்பாகத்துக்கே, போய்விட்டது, ஆனாலும் வருத்தமில்லை. பெட்டியைத் திறந்ததும் யாருக்கும் கை போவது அந்தப் பீரங்கிக்குத்தான் (நிஜத்தில் 15 செ.மீ. வாயளவு), நானும் குழலைத்தான் முதலில் வெட்டி எடுத்துப் பார்த்தேன். ஆனால் கிட்டின் உயிர் கீழே இருக்கிறது.

1942-இல் ஜெர்மன் படைக்குக் கனமான பீரங்கியை டேங்குகளோடு கூடவே கொண்டுபோக ஒரு வண்டி அவசரமாகத் தேவைப்பட்டது. புதிதாக ஒன்றை உருவாக்க நேரமில்லை. அதனால் அல்கெட் நிறுவனம், ஏற்கெனவே தயாரிப்பில் இருந்த இரண்டு டேங்குகளைக் கலந்தது: பான்சர் 4-இன் உடலை நீட்டி, அதன் சக்கரங்களையும் லீஃப் ஸ்ப்ரிங்குகளையும் வைத்துக்கொண்டு, முன்பக்க கியர்பாக்ஸ், ஸ்டியரிங், பட்டையை (ட்ராக்கை) இழுக்கும் பல்சக்கரம் எல்லாவற்றையும் பான்சர் 3-இலிருந்து எடுத்தார்கள். பின்னால் இருக்க வேண்டிய மேபாக் எஞ்சின் நடுவுக்கு வந்தது, பின்பக்கம் பீரங்கிக்கும் ஆட்களுக்கும் கிடைத்தது. இதே சேஸிஸில் 8.8 செ.மீ. பீரங்கி ஏறியதுதான் நாஸ்ஹார்ன் என்ற டேங்கு எதிர்ப்பு வண்டி.

கிட்டில் இது அப்படியே தெரிகிறது. பக்கத்துக்கு எட்டு சின்னச் சக்கரம், இரண்டிரண்டாக ஒரே ஸ்ப்ரிங்கில் தொங்குகிறது. முன்னால் வேறொரு டேங்கின் பல்சக்கரம். ட்ராக் கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கோத்து அந்தப் பற்களில் மாட்டும்போது கொஞ்சமும் முரண்டு பிடிக்காமல் உட்கார்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, 1942-க்குள் அந்த இரண்டு டேங்குகளுமே 40 செ.மீ. பட்டையில்தான் ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பொருத்தம் இல்லையென்றால் இந்தக் கலவை இவ்வளவு சுலபமாக நடந்திருக்காது.

குறை என்றால் மேல்தட்டுச் சுவர்கள்தான். நிஜ வண்டியில் அவை வெறும் 10 மி.மீ., கூரையும் கிடையாது, 1/35-இல் கணக்குப் போட்டால் 0.3 மி.மீ.கூட வராது. இதில் ஒரு மில்லிமீட்டர் இருக்கிறது, அதாவது நிஜத்தில் 35 மி.மீ. தகடு! விளிம்பை உள்பக்கமாகச் சாய்த்துத் தேய்த்தால் கண்ணுக்கு மெல்லியதாகத் தெரியும், பொறுமை வேண்டும். எஞ்சினைக் கொடுக்கவே இல்லை, நடுவுக்கு வந்த எஞ்சின்தான் இந்த வடிவமைப்பின் மையம் என்பதால் அது எனக்குப் பெரிய ஏமாற்றம், பக்கவாட்டில் காற்றுக்கான கிரில்லோடு திருப்திப்பட வேண்டியதுதான். அப்புறம் வழிகாட்டித் தாளில் ஸ்ப்ரிங் ஒட்டும் படம் குழப்பம், ஒட்டும் முன் எட்டுச் சக்கரமும் தரையைத் தொடுகிறதா என்று கண்ணாடிமேல் வைத்துப் பாருங்கள்.

ஆனால் ஒன்றுக்காக இதை மனதாரப் பாராட்டுவேன். பீரங்கி இருந்த இடத்தை மூடும் தகட்டையும் தந்திருக்கிறார்கள். ஹும்மலில் 18 குண்டுகள்தான் ஏறும், அதனால் பீரங்கி இல்லாத இதே வண்டியைக் குண்டு சுமக்கவும் கட்டினார்கள், தேவைப்பட்டால் அதில் பீரங்கியை ஏற்றிக்கொள்ளலாம். நான் இரண்டையுமே ஒட்டவில்லை. இப்போது அலமாரியில் குண்டு வண்டியாக நிற்கிறது, பீரங்கி பக்கத்திலேயே இருக்கிறது.