தைராய்டு கட்டிக்குள் எந்த மரபணு எங்கே பேசுகிறது: எந்த முறையை நம்பலாம்?

தைராய்டுப் புற்றுநோயில் பெரும்பாலானவை மெதுவாக வளரும் பாப்பில்லரி வகை. அதில் பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள். அரிதாக அதே கட்டிக்குள் அனபிளாஸ்டிக் என்னும் மிகத் தீவிரமான வகைப் பகுதி முளைத்துவிட்டால், மிச்சமிருப்பது பலருக்கும் சில மாதங்கள்தான். அந்த மாற்றம் கட்டியின் எந்த இடத்தில் தொடங்குகிறது? இதை மனதில் வைத்துத்தான், மரபணுக்களின் இயக்கத்தைப் படிக்கும் முறைகளை எடைபோடுகிறேன்.

திசுவை அரைத்து, இயங்கும் மரபணுக்கள் எடுக்கும் நகல்களான ஆர்என்ஏ மொத்தத்தையும் படிப்பது பழைய வழி. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். 2014-இல் டிசிஜிஏ என்னும் அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத் திட்டத்தின் ஆய்வு, பாப்பில்லரி கட்டிகளை பிராஃப், ராஸ் என்ற மரபணுக்களின் பிறழ்வு எதைப் போல அவை இயங்குகின்றன என்று பார்த்து பிராஃப் சாயல், ராஸ் சாயல் என்று பிரித்தது இப்படிப்பட்ட தரவை வைத்துத்தான். ஆனால் கையில் கிடைப்பது சராசரி மட்டுமே. செல்களைத் தனித்தனியாகப் பிரித்துப் படிக்கும் ஒற்றைச் செல் முறை செல் வகைகளைத் தெளிவாகக் காட்டும். பிரித்தெடுக்கும்போதே அவற்றின் இருப்பிடம் தொலைந்துவிடும்.

சரி, இடத்தையும் காட்டும் இரண்டு முறைகளுக்கு வருவோம்: விசியம், ஸீனியம். விசியம் முறையில் ஆர்என்ஏவைப் பிடிக்கும் 55 மைக்ரான் புள்ளிகள் திசுச் சீவலின் அடியில் இருக்கும், மையத்துக்கு மையம் 100 மைக்ரான். ஏறக்குறைய எல்லா மரபணுக்களும் படிக்கப்படும், எதிர்பாராததும் கண்ணில் படும். ஆனால் ஒரு புள்ளிக்குள் பல செல்கள் கலந்துவிடும். தைராய்டில் இன்னொரு சிக்கலும் உண்டு: அதன் செல்கள் சூழ்ந்த சிறு பைகளான நுண்ணறைகளின் நடுவில் செல்லே இல்லாத கூழ்மம்தான் இருக்கும். அங்கே விழுந்த புள்ளியில் ஆர்என்ஏ குறைவாக இருப்பதைப் பார்த்து ‘கெட்டுப்போன திசு’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 2 மைக்ரான் கட்டங்கள் கொண்ட புதிய விசியம் எச்டி வடிவம் இந்தக் கலப்பை வெகுவாகக் குறைக்கிறது.

ஸீனியம் வேறு மாதிரி. ஒவ்வொரு ஆர்என்ஏ மூலக்கூறையும் அது இருக்கும் இடத்திலேயே நுண்ணோக்கியில் ஒளிப்புள்ளியாகப் பார்க்கிறது. எந்த மரபணுக்கள் என்பதை முன்பே தேர்ந்துவிட வேண்டும். சில நூறிலிருந்து 5000 வரை. தைராய்டு ஹார்மோனுக்கு மூலப்புரதமான தைரோகுளோபுலின் போல அளவுக்கு மீறி வெளிப்படும் மரபணுவைச் சேர்த்தால் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து எண்ணவே முடியாது.

இரண்டுமே பாராஃபின் மெழுகில் பதித்துச் சேமித்த பழைய திசுவில் வேலை செய்வது பெரிய வரம். அனபிளாஸ்டிக் மாதிரிகள் அவ்வளவு அரிது.

அனபிளாஸ்டிக் மாற்றத்தின் தொடக்கத்தைத் தேடுபவருக்கு முதலில் விசியம், அப்புறம் இரண்டு வகைகளும் சந்திக்கும் எல்லைப் பகுதியில் மட்டும் ஸீனியம் என்பேன். கேள்வி, சிகிச்சையாகக் கொடுத்த கதிரியக்க அயோடின் கட்டிச் செல்களில் ஏன் ஏறவில்லை என்பதானால் நேரே ஸீனியத்துக்குப் போகலாம். அயோடினைச் செல்லுக்குள் இழுக்கும் எஸ்எல்சி5ஏ5 மரபணுவின் ஆர்என்ஏ, தைரோகுளோபுலினோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். கலந்த புள்ளியில் அது மூழ்கிவிடும். செல் செல்லாகப் பார்த்தால்தான் எந்தக் கூட்டம் அதைக் கைவிட்டது என்பது தெரியும்.