உழைப்பாளர் சிலையா, சோழமண்டலமா?

சென்னைல மாடர்ன் ஆர்ட் எங்கிருந்து வந்துச்சுன்னு யாராவது கேட்டா எனக்கு ரெண்டு பேர்தான் ஞாபகத்துக்கு வருவாங்க, தேவி பிரசாத் ராய் சௌத்ரி, அப்புறம் அவர்கிட்டயே படிச்ச கே.சி.எஸ். பணிக்கர். ரெண்டு பேருமே எழும்பூர் ஓவியக் கல்லூரிக்கு பிரின்சிபாலா இருந்தவங்க.

ராய் சௌத்ரி ஓவியர், சிற்பி ரெண்டும்தான், ஆனா மெரினாவுல 1959ல வச்ச உழைப்பாளர் சிலைய ஒரு தடவை கிட்டப் போய் பாருங்க, நாலு பேர் சேர்ந்து ஒரு பாறைய நெம்புறாங்க, முதுகு நரம்பு, கால் பிடிப்பு எல்லாம் அப்படியே தெரியுது, பஸ்ல போறப்போ ஜன்னல் வழியா பாத்துட்டு போறவங்களுக்கு அது புரியாது. கலையப் பத்தி ஒண்ணும் தெரியாதவங்களுக்கும் அது நேரா நெஞ்சுல ஏறும். அதே மெரினாவுல இருக்கிற காந்தி சிலையும் அவரோடதுதான்.

பணிக்கர் வேற ரூட். 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைல ஜாதகக் கட்டம் மாதிரி, வாசிக்க முடியாத எழுத்து மாதிரி வரைஞ்சாரு. முதல்ல பாத்தா ஒண்ணும் புரியாது, நின்னு பாக்கணும். ஆனா அவரோட பெரிய வேலை 1966ல சென்னைக்குத் தெக்க இஞ்சம்பாக்கத்துல ஆரம்பிச்ச சோழமண்டலம்ங்கிற ஓவியர் கிராமம். ஓவியர்களே பாத்திக் (மெழுகு வச்சு சாயம் போடுற துணி) மாதிரி கைவினைப் பொருள் செஞ்சு வித்து, அந்தக் காசுல நிலம் வாங்கி, அங்கயே வீடு கட்டி வாழ்ந்தாங்க, இத நினைச்சாலே எனக்கு சிலிர்க்குது.

ஒரு மணி நேரந்தான் இருக்குன்னா மெரினா போங்க. பாதி நாள் இருந்தா கண்டிப்பா சோழமண்டலம். என் ஓட்டு பணிக்கருக்குத்தான், அவர் படத்த மட்டும் இல்ல, படம் வரையறவங்க பொழைக்க ஒரு ஊரையே உருவாக்கி வச்சிட்டு போனாரு.